கைக்கு வந்த தேதி

பதிப்புரிமைப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி அவள் எல்லோருக்கும் சீல் அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த பதிவாளரே "அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஜன்னலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வழி தவறி வருகிறவர்கள். நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கல்யாணத்தைப் பதியணும் என்று ஜோடியாக வருவார்கள். அவர்களைச் சரியான கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரை அவள் கவனிப்பாள். பாட்டு எழுதியவர், பாடப் புத்தகம் போட்டவர், பூவேலைக்கு மாதிரி வரைந்தவர் என்று ஆளுக்கொரு உறையோடு நிற்பார்கள். பதிவுச் சான்றிதழ் வரும்வரை தங்கள் படைப்பு தங்களுடையதில்லையோ என்ற பயம் எல்லார் முகத்திலும் இருக்கும். "பயப்படாதீங்க. நீங்க எழுதின நிமிஷமே அது உங்களுதுதான். இது சாட்சி, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் வாங்கலைன்னா பிள்ளை பிறக்காமப் போயிடுமா?" என்பாள். இதை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரியே சொல்வாள்.

சீல் குத்துவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம், விண்ணப்பத்தின் முன்பக்கத்தில் குத்திய சீல் மை ஒருவருடைய கையெழுத்தின் மேல் பரவி, கையெழுத்து தெளிவாக இல்லை என்று விண்ணப்பமே திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து பின்பக்கம், வலது மேல் மூலை. தேதி சீலில் விழும், மணியைப் பேனாவால் எழுதுவாள். அதைப் பார்த்து மற்ற ஜன்னல்காரர்களும் பின்பக்கத்துக்கு மாறினார்கள். விதிப் புத்தகத்தில் இல்லாத இந்த வழக்கம் அலுவலகத்தின் சட்டமாகிவிட்டது.

தேதிப் பைத்தியம் வீட்டிலும் உண்டு. மருந்துப் புட்டியில் தேதி, பால் பாக்கெட்டில் தேதி, மகள் முதன்முதலில் சுவரில் கிறுக்கியபோது அந்தக் கிறுக்கலுக்குக் கீழே தேதி. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்கே போய்விட்டாள். கிறுக்கல் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஊர் பூட்டையெல்லாம் திறப்பார், சொந்த வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பார். அந்த 'நாளைக்கு' எந்தத் தேதியில் சொல்லப்பட்டது என்பது காலண்டரில் சிவப்பு மையில் ஒன்பது இடத்தில் இருந்தது.

இப்படிப்பட்டவள், அலுவலகத்தில் காகிதம் போய்க் கணினி வரப் போகிறது என்றதும் கண்ணைக் கசக்கியிருப்பாள் என்று நினைத்தால் அது தப்பு. சீர்திருத்தம் வேண்டும் என்று வருஷா வருஷம் மேலே எழுதிப் போட்டவளே அவள்தான். ஒரே விவரத்தை மூன்று பேரேட்டில் எழுதணும். பேரேடு பிய்ந்தால் தைக்கணும். ஒருவருக்குச் சான்றிதழ் போய்ச்சேரப் பதினாலு மாசம் ஆகும். அதற்குள் அவருக்கு அந்தப் பாட்டே மறந்துபோகும். "இது அலுவலகமா, ஆமை வளர்க்கிற இடமா?" என்று பதிவாளரிடமே கேட்டவள். ஆகவே எல்லாம் கணினிக்கு மாறுகிறது, முப்பது நாளில் சான்றிதழ் என்று உத்தரவு வந்தபோது அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டாள். சீர்திருத்தக் குழுவில் ஜன்னல் வேலை தெரிந்த ஒரே ஆளாக அவளைப் போட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

புது முறையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நாற்பத்தொரு தப்பு பிடித்தாள். அதில் ஒன்று குழுவையே சிரிக்க வைத்தது. ஆசிரியர் இறந்த தேதியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

"உயிரோட இருக்கிறவங்க என்ன பண்ணணும்? உத்தேசமா ஒரு தேதி போட்டுட்டுக் காத்திருக்கணுமா?" என்று கேட்டாள்.

மென்பொருள் செய்து தந்த பெண், கண்ணாடி போட்டவள், நல்ல கெட்டிக்காரி. சிரித்துக்கொண்டே அங்கேயே திருத்தினாள். கடைசி நாள் சோதனைத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சீல் அக்கா 'சரி' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவளுக்கு ஏற்பட்ட பெருமையை மறைப்பானேன். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

சீர்திருத்தம் ஒன்றாம் தேதி தொடங்கியது. பாக்கி கிடந்த பதினோராயிரம் பழைய விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்ய ஒப்பந்த ஆட்கள் வந்தார்கள். அடித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பெட்டியில் கட்டிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். மூன்று மாசம் கழித்து அந்தக் காகிதங்களை அரைத்துவிடலாம் என்று உத்தரவு இருந்தது. எல்லாம் எண்ணெய் போட்ட வண்டி போல ஓடியது. இரண்டு மாசம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை பிரேக் வாத்தியார் வந்தார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்தியே அந்தப் பெயர் வந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்காகவே அவர் ஒரு படப் புத்தகம் வரைந்திருந்தார். முச்சந்தி, நாற்சந்தி, பள்ளிக்கூட வாசல், பாலத்து இறக்கம் எல்லாம் ஓட்டுகிறவரின் இருக்கையிலிருந்து கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே. பதினாலு மாசத்துக்கு முன் அதைப் பதிவு செய்ய வந்தபோது சீல் அக்கா ஏழாம் பக்கத்தைத் திறந்து சிரித்துவிட்டாள். ஐந்து சாலை கூடுகிற இடத்தின் படம். கீழே ஒரு குறிப்பு: 'இங்கே யாருக்கும் முதல் உரிமை கிடையாது. எல்லோரும் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள்.'

இப்போது அவர் ஜன்னல் வழியாக ஒரு கடிதத்தை நீட்டினார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் படிங்க. என் புத்தகத்தை நானே திருடிட்டேன்னு எழுதியிருக்கு."

படித்தாள். அலுவலகத்தின் கடிதம்தான். 'தங்கள் படைப்பு முன்னரே பதிவான ஒரு படைப்பை ஒத்திருப்பதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' முன்னரே பதிவு செய்தவர்கள் நகரம் முழுக்கப் பதினெட்டுக் கிளை வைத்திருக்கும் ஒரு பயிற்சி நிறுவனம். வாத்தியாரிடம் படித்த ஒருவர் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். புத்தகமும் கூடவே போய்ச் சேர்ந்திருந்தது.

"அவங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்க. இனிமே அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்கக் கூடாதாம். உங்க கடிதத்தோட நகலையும் கூடவே வச்சிருக்காங்க. பத்து நாள்ல பதிவாளர்கிட்ட விசாரணை. எட்டு வருஷம் தெருத்தெருவா நின்னு வரைஞ்சேன் அக்கா. நாளைக்கு ஒரு பிள்ளை பாலத்து இறக்கத்துல தடுமாறினா, என் படத்தை எடுத்துக் காட்ட எனக்கே அனுமதி இல்லையா?"

"ரசீது இருக்கா?"

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இயந்திரத்தில் அச்சான ரசீது. ஒரு வருஷத்தில் மை பறந்து, வெள்ளைத் தாளாக இருந்தது. "பத்திரமாத்தான் வச்சிருந்தேன்" என்றார் பாவமாக.

அவள் கடிதத்தில் இருந்த எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். விண்ணப்பத் தேதி என்ற இடத்தில் போன மாசம் பதினெட்டாம் தேதி. அது ஒப்பந்த ஆள் தட்டச்சு செய்த நாள். நிறுவனத்தின் விண்ணப்பம் அதற்கு ஆறு வாரம் முந்தி, சீர்திருத்தம் தொடங்கிய மூன்றாம் நாளே கணினி வழியாக வந்திருந்தது. கணினிக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். முந்தி வந்தது எது, பிந்தி வந்தது எது என்று அது ஒப்பிட்டது. யாரையும் கேட்காமல் கடிதம் அடித்து அனுப்பிவிட்டது.

அவளுக்கு முதலில் நிறுவனத்தின் மேல் கோபம் வந்தது. அடுத்து கணினியின் மேல். மூன்றாவதாக வந்ததுதான் நிஜமான இடத்தில் போய் விழுந்தது. சோதனை செய்த மூன்று வாரமும் அவள் என்ன செய்தாள்? காலையில் தன் ஜன்னலுக்கு வந்த விண்ணப்பங்களை எடுத்து, மத்தியானம் தானே உட்கார்ந்து ஏற்றினாள். கைக்கு வந்த தேதியும் ஏற்றிய தேதியும் ஒன்றாகவே இருந்தன. திரையில் தேதி சரியாக வந்தது, 'சரி' என்று எழுதினாள். அலமாரி நிறையப் பழையது கிடந்தும் ஒரே ஒரு பழைய விண்ணப்பத்தை ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. பால் பாக்கெட்டுக்குத் தேதி போடுகிறவளுக்குத் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் ஆறுதலாகச் சொல்லலாம். சறுக்கிய யானைக்கு அது ஆறுதலாக இருக்காது.

வாத்தியாரிடம் எதையும் மறைக்கவில்லை. "தப்பு எங்க பக்கம். அதுல என் பங்கும் இருக்கு. விசாரணைக்குக் கட்டாயம் வாங்க" என்றாள்.

"அப்ப நான் ஜெயிப்பேனா அக்கா?"

"உங்க விண்ணப்பத்தோட பின்பக்கம் கிடைச்சா ஜெயிப்பீங்க."

ஏனென்றால் ஒப்பந்த ஆட்கள் முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். பின்பக்கத்தில் எழுத்து எதுவும் அச்சாகாத விண்ணப்பத்துக்குப் பின்பக்கம் உண்டு என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்தப் பதினோராயிரம் விண்ணப்பங்களின் சீல்கள் அத்தனையும் கணினிக்குள் போகாமல் கிடங்கில் பெட்டிகளில் கிடந்தன. அரைக்க இன்னும் இருபத்தாறு நாள்.

பதிவாளர் நல்ல மனுஷர். ஓய்வுக்கு எட்டு மாசம் இருந்த நல்ல மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "இவருதை மட்டும் நான் கையால திருத்திடறேன். என் அதிகாரத்துக்குள்ள இருக்கு. மத்தவங்க வந்தா அப்ப பார்த்துக்கலாம். எல்லாத்தையும் தோண்டினா கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும் அக்கா."

"பூதம் ஏற்கெனவே கிளம்பியாச்சு சார். உட்கார்ந்து கடிதம் அடிச்சுக்கிட்டு இருக்கு."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். பிரிவுத் தலைவர் பதவிக்கான கோப்பு. அவள் பெயர், அந்தச் சம்பளப் பட்டியல் பெயர், அதில் முதலாவதாக இருந்தது. "சோதனைத் தாள்ல யார் கையெழுத்து இருக்குன்னு மேல கேட்பாங்க" என்றார்.

"என்னுதுன்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாழ்ப்பாள் பற்றிக்கூடக் கேட்கவில்லை. புருஷனுக்கு அதுவே பயமாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டார். ஒரு பழைய பூட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே யோசித்தார்.

"ஒரு வீட்டுல பூட்டைத் தப்பா மாட்டிட்டேன்னு வச்சுக்கோ. நானே போய்ச் சொன்னா ரிப்பேர்காரன். நான் மறைச்சு, பிடிபட்ட திருடன் போய்ச் சொன்னா நானும் திருடன்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே?"

"பதவி போகுதேன்னு வருத்தமா இருக்கு. படக் கூடாதா?"

"படு, படு. சாப்பிட்டுட்டுப் படு" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் அரைப் பக்கத்தில் குறிப்பு எழுதினாள். 'சோதனைத் தாளில் சரி என்று கையெழுத்திட்டது நான். பழைய விண்ணப்பம் ஒன்றைக்கூட நான் ஏற்றிப் பார்க்கவில்லை' என்பது அதன் முதல் இரண்டு வரி. கைக்கு வந்த தேதி என்று ஒரு கட்டம் தனியாக வேண்டும், காகிதங்களை அரைப்பதை நிறுத்த வேண்டும், பின்பக்கத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும், போன கடிதங்களை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது மீதி. பதிவாளர் இரண்டு தடவை படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றாமல் தானும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அரைப்பதை நிறுத்தும் உத்தரவு நாலாம் நாள் வந்தது. பதவிக் கோப்பில் 'ஒத்திவைக்கப்படுகிறது' என்ற ஒரு சொல்லும் அதே நாளில் வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வலித்தது. பதவி தள்ளிப்போகும், காகிதம் அரைபட்டால் திரும்பாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிடங்குக்குப் புறப்பட்டாள்.

கிடங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். தேதி வாரியாக இல்லை, தட்டச்சு செய்த வரிசையில் அடுக்கியிருந்தார்கள். தப்பாகப் பதிவான அந்தப் பதினெட்டாம் தேதியே இப்போது வழிகாட்டியாக உதவியது. அன்று அடித்தவை நாலு பெட்டி. மூன்றாவது பெட்டியில், வாத்தியாரின் விண்ணப்பத்தை எடுத்துத் திருப்பினாள். வலது மேல் மூலையில் சீல். கீழே அவள் கையெழுத்தில் மணி: பதினொன்று நாற்பது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் பின்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பின்னால சீல் குத்தச் சொல்லி எந்த விதியில இருக்கு?"

"எந்த விதியிலயும் இல்லைங்க" என்றாள் சீல் அக்கா. "முன்னால குத்தணும்னும் இல்லை. இருபத்தேழு வருஷத்துல நாங்க வாங்கின எந்த விண்ணப்பத்தை வேணும்னாலும் எடுத்துத் திருப்பிப் பாருங்க. அதே மூலையில இருக்கும். அதோட உங்க கட்சிக்காரர் அவங்க விண்ணப்பத்துல, படைப்பை உருவாக்கின மாசம்னு ஒண்ணு எழுதியிருக்காங்க. அது இந்தச் சீலுக்கு ஏழு மாசம் பிந்தினது. அதை நாங்க எழுதலை."

வக்கீல் தன் காகிதத்தைப் புரட்டினார். கட்சிக்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். வாத்தியாரால் அடக்க முடியவில்லை. "பிரேக்" என்றார், மெதுவாகத்தான், ஆனால் பதிவாளர்வரை கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு திருத்த உத்தரவை எழுதினார்.

புதுக் கட்டத்தைச் சேர்க்க மென்பொருள் பெண்ணுக்கு இரண்டே நாள் போதுமாயிருந்தது. "முதல்லயே நான் கேட்டிருக்கணும் அக்கா" என்றாள். "நீ கேட்டிருக்கணும், நான் சொல்லியிருக்கணும். இந்தத் தடவை பழையதாப் பார்த்து நூறு ஏத்துவோம், வா" என்றாள் சீல் அக்கா. பதினோராயிரம் தேதிகளையும் பின்பக்கத்திலிருந்து பார்த்து ஏற்ற அவளுக்கும் மற்ற ஜன்னல்காரர்கள் மூன்று பேருக்கும் ஐந்து வாரம் பிடித்தது. முடிவில் ஒரு பட்டியல் கிடைத்தது. முந்தி வந்தும், பிந்தி வந்ததாகக் கடிதம் போனவர்கள் அறுபத்திரண்டு பேர்.

திருத்தக் கடிதத்தைக் கணினியே அனுப்பும் என்றார்கள். "அனுப்பட்டும். நான் போனும் பண்றேன்" என்று பட்டியலை எடுத்துக்கொண்டாள். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டாள். சிலர் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. ஒருவர், நீங்கள் மோசடிக் கும்பலா என்று கேட்டார்.

அறுபத்திரண்டாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். துணியில் போடும் பூவேலைக்கு மாதிரி வரைகிறவள். சீல் அக்கா விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"கேட்குதாம்மா?"

"கேட்குதுங்க. நான் அந்தக் கடிதத்தை நம்பிட்டேன்."

"எதை நம்பினீங்க?"

"நான்தான் எங்கேயோ பார்த்துட்டு, பார்த்ததே மறந்துபோய், என் கையில வந்ததுன்னு நினைச்சு வரைஞ்சிருக்கேன்னு. அரசாங்கமே சொல்லுதே. அதுக்கப்புறம் பென்சிலை எடுத்தா, இது யாருதோன்னு கை நின்னுடுது. எல்லாத்தையும் பெட்டியில போட்டு மூடிட்டேன். மூணு மாசமா எதுவும் வரையலை."

வாத்தியார் சண்டைக்காவது வந்தார். இவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு 'சரி' இவ்வளவு தூரம் போயிருக்கிறது. சீல் அக்கா அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள், திருப்பினாள்.

"அம்மா, இங்க என் கையில உங்க தாள் இருக்கு. போன வருஷம், மார்ச் மாசம் ஒன்பதாம் தேதி, காலையில பத்து மணி பத்து நிமிஷம். சீல் குத்தினது நான். உங்களுக்கு முந்தி யாரும் இதைக் கொண்டுவரலை. அதைத் தங்களுதுன்னு பதிஞ்சவங்க வந்தது உங்களுக்கு அப்புறம், பத்து மாசம் கழிச்சு."

"நிஜமாவா?"

"நிஜமா. பெட்டியைத் திறங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தத் தேதியை இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

சீல் அக்கா சொன்னாள். வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம். ஒவ்வொன்றாக, எழுதிக்கொள்கிறவளுக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.